அம்மாவுக்கு மூட்டுவலி, சான்டோரினி போகலாமா?

கேள்வி: ஜூலைக் கடைசியில் அம்மாவோடு கிரீஸின் சான்டோரினி தீவில் நான்கு நாள் தங்க ஆசை. அம்மாவுக்கு 66 வயது, மூட்டுவலி, சுத்த சைவம். படங்களில் வரும் அந்த வெள்ளை வீடுகளில் அறை போடலாமா? எரிமலைத் தீவு என்பதால் பயமாகவும் இருக்கிறது. – வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் அந்த வெள்ளை வீடுகளில் மட்டும் அறை போடாதீர்கள். அவை இருக்கும் ஓயா ஊர் (அங்கே ‘ஈயா’ என்பார்கள்) செங்குத்துப் பாறையின் விளிம்பில் இருக்கிறது. பல விடுதிகளில் அறைக்குப் போகவே படிப்படியாக இறங்க வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு மறுபடி ஏறவேண்டும். அம்மா இரண்டாம் நாளே அறையோடு முடங்கிவிடுவார். கிழக்குக் கரையில் கமாரி ஊரில் தங்குங்கள். சமதரை, கறுப்புக் கூழாங்கல் கடற்கரை, விமான நிலையமும் பக்கம்.

ஜூலையையும் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். வெயில், கூட்டம், அதோடு ‘மெல்டெமி’ என்கிற வடகாற்று. அது பலமாக அடித்தால் படகுகளே நின்றுவிடும். மே மாதமோ செப்டம்பர் கடைசியோ நல்லது.

பயம் நியாயமானதுதான். 2025 பிப்ரவரியில் தொடர் நிலநடுக்கத்தால் ஆயிரக்கணக்கானோர் தீவை விட்டுக் கிளம்பினார்கள். அப்புறம் அது அடங்கியது. எரிமலை கடைசியாக வெடித்தது 1950இல். டிக்கெட் எடுக்கும் முன் அப்போதைய அரசு அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

சான்டோரினிக்கு எதிரே கடலில் இருக்கும் சின்ன எரிமலைத் தீவான நேயா கமேனியில் நிழலே கிடையாது, சரளைக்கல்லில் ஏற்றம். அம்மாவுக்கு வேண்டாம். தீவின் தலைநகரான ஃபீராவின் பழைய துறைமுகத்துக்குக் கிட்டத்தட்ட 600 படிகள், அங்கே கழுதைச் சவாரிக்குக் கூப்பிடுவார்கள். பாவம் அந்த ஜீவன்கள், கேபிள் காரில் போங்கள்.

ஒரு காலைப் பொழுதை முழுசாக அக்ரோத்திரிக்குக் கொடுங்கள். சுமார் 3600 வருடங்களுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர். மேலே கூரை, கீழே நடைபாதை, அம்மா மெதுவாகவே பார்க்கலாம். தானியம் வைத்த பெரிய ஜாடிகள் வைத்த இடத்திலேயே நிற்கின்றன. நிலநடுக்கத்தில் நடுவே பிளந்த கல்படிக்கட்டு அப்படியே இருக்கிறது. மனித உடல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, முன்கூட்டியே தப்பிப் போயிருக்க வேண்டும். அந்தப் படிக்கட்டின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். ‘ஃபாவா’ என்று மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, வெங்காயம் தூவித் தருவார்கள். அம்மா பார்த்ததும் நம்ம பருப்புதானே என்பார்.