பயந்தாங்கொள்ளி ஆசான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் ஐடஹோ மலைக்காடுகளில் உங்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரின் மறைவுக்கு நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். ஆற்றங்கரைப் புல்தரையில் விமானத்தை இறக்கியவர் அவர். அவருடைய துணிச்சலைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்?

க.

அன்புள்ள க.,

இல்லாததை எப்படி எழுதுவது? அவர் பயந்தாங்கொள்ளி. அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

ஆனால் அவருடைய பயம் கணக்குப் போட்டு வரும். அந்தக் காடுகளில் உள்ள ஜான்சன் கிரீக் ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து 4,900 அடிக்குச் சற்று மேலே இருக்கிறது. வெயில் 30 டிகிரியைத் தொட்டால் அங்கே காற்று ஏறத்தாழ 8,000 அடி உயரத்துக் காற்றைப்போல் மெலிந்துவிடும். எஞ்சினும் திணறும், இறக்கையும் திணறும். அதனால் விடிந்ததும் பறப்பார். பத்து மணிக்குள் விமானத்தைக் கட்டிவைத்துவிட்டு மரநிழலில் படுத்துவிடுவார். எவ்வளவு கெஞ்சினாலும் எழுந்திருக்க மாட்டார்.

பள்ளத்தாக்கின் நடுவே பறக்க விடமாட்டார். ஒரு பக்கச் சரிவை ஒட்டிப் போனால்தான் திரும்புவதற்கு முழு அகலமும் மிஞ்சும்.

அவர் அதிகம் அஞ்சியது கண்ணுக்கு. மெலிந்த காற்றில், வேகமானி காட்டுவதைவிட விமானம் விரைவாகப் போகும். மரங்கள் பறந்தோடுவதைப் பார்த்ததும் கை தானாக வேகத்தைக் குறைக்கும். குறைத்த கையோடு திருப்பத்தில் சாய்த்தால் தீர்ந்தது. உயரம் இழக்காமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பும்போது இறக்கை இருமடங்கு எடையைச் சுமக்கிறது. ஸ்டால் ஆகும் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்கும் சக்தியை இழந்துவிடும் வேகம், 41 சதவீதம் கூடிவிடுகிறது. நான் ஒருநாள் அப்படிக் குறைத்தேன். அவர் திட்டவில்லை. என் கைமேல் தன் கையை வைத்து எஞ்சின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை முன்னே தள்ளினார். அந்தக் கை சில்லென்று இருந்தது. இறங்கியபின் வெகுநேரம் என்னோடு பேசவில்லை. (திட்டியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.)

சில ஓடுபாதைகளில் ஒரு கட்டத்துக்குப் பிறகு மேலெழ வழியே இல்லை, எதிரே மலை. அங்கெல்லாம் முன்கூட்டியே ஒரு மரத்தைக் காட்டச் சொல்வார். இறங்குவதா, மேலெழுவதா என்று அதைத் தாண்டுவதற்குள் மனம் முடிவு செய்தாக வேண்டும்.

கடைசியாக அவரோடு பறந்த அன்று ஓடுபாதையில் ஒரு மான் மேய்ந்துகொண்டிருந்தது. என் மரம் நெருங்கிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு அது ஓடிவிடும் என்றேன்.

“மேயட்டும். நாளைக்கு வருவோம்” என்றார்.