மகள் காந்தம் படிக்கப் போகிறாளாம்: திருமலைத் தாய் ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா,

பல்கலைக்கழக அனுமதிக்கான இஸட் புள்ளியைப் பொறியியலுக்குப் போதுமான அளவு எடுத்த மகள், "அருமண் காந்தங்களில் குவாண்டம் படிக்கப் போகிறேன்" என்று ஒரே பிடியாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தால் கடைசியில் உங்கள் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டை மணலில்தான் வேலை என்று உங்கள் தம்பி சொல்கிறாராம். முதலில் தம்பியின் கணக்கைத் திருத்திவிடுவோம்.

புல்மோட்டைக் கறுப்பு மணலில் பெரும்பங்கு இல்மனைற் என்ற கனிமம். கூடவே மொனசைற் என்ற இன்னொரு கனிமமும் கொஞ்சம் உண்டு. அந்த மொனசைற்றுக்குள் சீரியம், நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்கள் இருப்பது உண்மைதான். ஆனால் மணலைப் பிரிப்பது கனிமத் தொழில். மகள் கேட்பது பௌதிகவியல். கைபேசி ஸ்பீக்கரில் இருக்கும் நியோடிமியக் காந்தமும் இதில் சேராது. அதற்கு அறை வெப்பநிலையில் நன்றாக இழுக்கத் தெரிய வேண்டும். மகளுடைய காந்தம் அந்த வேலைக்கு உதவாது.

அப்படியென்றால் அது என்னதான்? அருமண் உலோகமான இட்டெர்பியத்தோடு அலுமினியம், ஒட்சிசன் சேர்ந்த ஒரு பளிங்கு இருக்கிறது. அதில் ஒவ்வொரு இட்டெர்பிய அணுவும் ஒரு குட்டிக் காந்தம். ஒரே திசையில் முன்னும் பின்னும் உள்ள இரண்டு அயலவரோடுதான் அதற்குப் பெரும்பாலும் கொடுக்கல் வாங்கல். ஆகவே பளிங்கு முப்பரிமாணமாக இருந்தாலும் காந்தக் கணக்கில் அது சங்கிலிகளின் கட்டு. அயலவர் இரண்டே பேர் என்பதால் குவாண்டம் தளம்பல், அதாவது அணு அளவில் ஓயாத ஆட்டம், காந்தங்களின் ஒழுங்கைக் குலைத்துக்கொண்டே இருக்கும். ஒரு காந்தத்தைப் புரட்டினால் அந்தக் கிளர்ச்சி இரண்டு பாதியாகப் பிரிந்து சங்கிலி வழியே தனித்தனியாக ஓடும். இப்படியான சங்கிலிக்குப் பௌதிகவியலாளர் ஹான்ஸ் பெத்தே 1931இலேயே தாளில் விடை கண்டுவிட்டார். இந்தப் பளிங்கில் அணுக்கருத் துகளான நியூத்திரன்களின் கற்றையைச் செலுத்தி அந்தப் பாதிகளைப் பார்த்த ஆய்வு வந்தது 2019இல். அருமண் அணுக்களுக்கிடையே பிடி தளர்வு என்பதால் இதையெல்லாம் பார்க்க ஏறக்குறைய மைனஸ் 272 பாகை செல்சியஸுக்குக் குளிரூட்ட வேண்டும். பிள்ளைக்கு இதில் ஆசை வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். இந்தப் பெயரில் வேலை விளம்பரம் எங்கேயும் வராது. இலங்கையில் இதற்கான நியூத்திரன் கற்றை தரும் அணு உலையும் இல்லை, ஆகவே கலாநிதிப் படிப்புக்கு வெளிநாடு போகத்தான் வேண்டும். அதற்குப் பிறகும் நிரந்தரப் பேராசிரியர் கதிரை சிலருக்குத்தான் கிடைக்கும். பலர் இரண்டு, மூன்று வருட ஒப்பந்தங்களில் ஊர் ஊராக மாறுவார்கள். இதை மகளிடம் மறைக்க வேண்டாம். ஆனால் வழியில் கையில் ஏறும் தொழில் வீண்போகாது. இப்படிக் குளிரூட்டப் பயன்படும் திரவ ஹீலியத்தோடு பழகியவர்களுக்கு எம்ஆர்ஐ இயந்திரங்களிலும் குவாண்டம் கணினிக் கூடங்களிலும் வேலை இருக்கிறது. தரவை அலசி நிரல் எழுதத் தெரிந்தவரை வங்கியும் எடுக்கும்.

செலவைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன்: காணியை ஈடு வைக்காதீர்கள். இங்கே அரச பல்கலைக்கழகத்தில் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குக் கற்கைக் கட்டணம் இல்லை. அப்புறம் அமெரிக்காவில் பௌதிகவியல் கலாநிதிப் படிப்புக்குப் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தருவார்கள். ஜெர்மனியில் அநேகமாகச் சம்பளத்தோடு ஒப்பந்தம். முகவர் யாராவது பெருங்காசு கட்டச் சொல்லி முதுமாணிப் படிப்பு ஒன்றைக் காட்டினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பொறியியலை விட மனமில்லையென்றால் மொறட்டுவையில் பொருள் விஞ்ஞானப் பொறியியல் துறை இருக்கிறது. நடுவழிதான், மோசமில்லை. ஆனால் குவாண்டம்தான் வேண்டும் என்று மகள் உறுதியாக இருந்தால் விண்ணப்பத்தில் பௌதிக விஞ்ஞானத்தை மேலே போடட்டும். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் மூன்றையும் பார்க்கலாம்.

பாடத்தெரிவுக்கு முன்னர் மகளிடம் ஒன்று கேளுங்கள். பளிங்கு வளர்ப்பவர்கள் தூளை அரைத்து, கோலாக அழுத்தி, உலையில் சுட்டு, விளக்கொளியைக் கண்ணாடிகளால் குவித்து அந்தக் கோலை உருக்குவார்கள். மணிக்குச் சில மில்லிமீற்றர்தான் வளரும். நடுவில் வெடித்தால் மறுபடி அரைக்க வேண்டும். இந்தப் பொறுமை அவளுக்கு இருக்கிறதா, இல்லை தாளும் பேனையும் போதுமா? முதலாவது என்றால் இரசாயனவியலை விடக்கூடாது. இரண்டாவது என்றால் கணிதத்தை. அவள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள், மற்றதை அடுத்த கடிதத்தில் பேசுவோம்.