புராஸ்டேட் ஊசி போடுபவருக்கு ஈசிஜி எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை லூப்ரோலைடு 22.5 மி.கி. ஊசி போடுகிறோம். போன வாரம் சளி, காய்ச்சலுக்குப் பக்கத்து கிளினிக்கில் அசித்ரோமைசின் கொடுத்தார்கள். புற்றுநோய் மருத்துவர் அதை நிறுத்தி, உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னார். இதயக் கோளாறே இல்லாதவருக்கு இது ஏன்?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: உங்கள் மருத்துவர் செய்தது மிகச் சரி. புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தீனி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன். விரைகளை அகற்றினால் நோய் அடங்குகிறது என்று 1941-ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966-ல் நோபல் பரிசும் பெற்றார். இன்று கத்தியில்லாமல் அந்த வேலையை ஊசி செய்கிறது.

அதே ஹார்மோனுக்கு இதயத்திலும் வேலை உண்டு. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறினால்தான் அது அடுத்த துடிப்புக்குத் தயாராகும். இதை டெஸ்டோஸ்டிரோன் விரைவாக்குகிறது. ஹார்மோன் வற்றியதும் அந்த நேரம் நீள்கிறது. ஈசிஜியில் இதுவே க்யூடி இடைவெளி. மிகவும் நீண்டால் டோர்சாட் டி பாயிண்ட்ஸ் என்ற தாறுமாறான துடிப்பு வந்து, ஆள் திடீரென மயங்கி விழலாம், உயிரே போகலாம்.

ஊசி மட்டும் பெரும்பாலோரை அந்த அளவுக்குக் கொண்டுபோவதில்லை. மேலே இன்னொரு மருந்து ஏறும்போதுதான் சிக்கல். ஆன்டிபயாட்டிக்குகளான அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின், வாந்திக்கான ஒண்டான்செட்ரான், மனச்சோர்வுக்கான எஸ்சிடலோப்ராம் ஆகியவை பொட்டாசியம் வெளியேறும் வழியை அடைப்பவை. இவற்றைவிடக் கவலை தருவது, மெடிக்கலில் கேட்டவுடன் கிடைக்கும் கேஸ் கேப்சூல். பாண்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்தது அது. டோம்பெரிடோன் க்யூடியை நீட்டும். பாண்டோபிரசோலை மாதக்கணக்கில் விழுங்கினால் மெக்னீசியம் குறையலாம். நீர் மாத்திரையும் இருந்தால் பொட்டாசியமும் இறங்கும். பிறகு அபிராடெரோன் என்ற புராஸ்டேட் புற்றுநோய் மாத்திரை தொடங்கினாலும் பொட்டாசியம் குறையும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஈசிஜி தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி செகண்ட். க்யூடி 11 கட்டம் என்றால் 440. நாடி 75 என்றால் இரு துடிப்புகளுக்கு நடுவே 0.8 செகண்ட், அதன் வர்க்கமூலம் 0.894. 440-ஐ அதால் வகுத்தால் நாடி வேகத்துக்கு ஏற்பத் திருத்திய க்யூடி சுமார் 492. ஆண்களுக்கு 450-க்குள் இருக்க வேண்டும். 500-ஐத் தாண்டினால் ஆபத்து. நாடி 90-க்கு மேல் ஓடும்போது இந்தக் கணக்கு கூட்டிக் காட்டும், அப்போது ஃப்ரிடெரிசியா என்ற வேறு கணக்கு முறையில் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே ரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம் பாருங்கள். பொட்டாசியம் 4-க்குக் குறையாமல் இருப்பது நல்லது.

வெறும் சளிக்கு ஆன்டிபயாட்டிக்கே தேவையில்லை. பாக்டீரியா தொற்று என்றால் அமாக்சிசிலின் போன்ற, க்யூடியை நீட்டாத மருந்து ஆகுமா என்று கேளுங்கள். ஊசியை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். படபடப்போடு தலை சுற்றினாலோ மயங்கினாலோ காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

அப்பாவின் பழைய ஈசிஜியைத் தேடி எடுங்கள். க்யூடி எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது அதோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அந்தத் தாளில் எழுத்து மங்கிப்போகும். இன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.