தொலைவில் இருக்கும் சர்வரைத் தவறுதலாக ஷட்டவுன் செய்துவிடாமல் இருக்க என்ன வழி?

வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கும் வழி) வழியாக அலுவலக லினக்ஸ் சர்வரில் வேலை பார்க்கிறீர்கள். லேப்டாப்பை அணைப்பதாக நினைத்து சர்வரை அணைத்துவிட்டீர்கள். இனி அப்படி நடக்கக் கூடாது. இதுதானே கேள்வி?

இதே தவறை நானும் செய்திருக்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சர்வரைக் கோவையில் என் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த காலம். இரவு 11 மணிக்கு பேக்கப் முடிந்தது. திரையில் கட்டளை அடிக்கும் டெர்மினல் இரண்டு, ஒன்று லேப்டாப்புடையது, மற்றது சர்வருடையது, இரண்டும் ஒரே கறுப்பு. 'பவர்ஆஃப்' என்று அடித்து என்டரைத் தட்டினேன். லேப்டாப் அணையவில்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று ஒரு வரி மட்டும் வந்து நின்றது. சர்வர் விழித்திருக்கிறதா என்று பார்க்கப் பிங் அடித்தேன், பதில் இல்லை. காலை 6 மணிக்கு அங்கே பில் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

வாட்ச்மேன் அண்ணனைப் போனில் எழுப்பினேன்.

"தம்பி, மாடிப்படிக்குக் கீழ மூணு பொட்டி இருக்கு. எதை அமுக்கறது?"

"லைட் எரியாத பொட்டிண்ணே."

"ரெண்டுல எரியலையே."

இன்னொன்று எப்போதோ கெட்டுப்போன பழைய கணினி. முதலில் அதை அமுக்கி, காத்திருந்து, பிறகு சரியான பெட்டியைக் கண்டுபிடித்து உயிர் கொடுக்க அரைமணி நேரம் ஆனது.

அன்று எனக்குப் புரிந்தது இது: "நிச்சயமாக அணைக்கவா?" என்று கேட்டிருந்தாலும் நான் 'ஒய்' என்றுதான் அடித்திருப்பேன். அணைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்தக் கணினியில் இருக்கிறேன் என்பதில்தான் தப்பு. அதனால் கணினி நம்மிடம் கேட்க வேண்டியது சம்மதத்தை அல்ல, அதன் பெயரை.

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் 'மாலி கார்ட்' என்ற சிறிய பேக்கேஜ் இதைத்தான் செய்கிறது. எஸ்எஸ்எச் வழியாக வந்த ஒருவர் ஷட்டவுன், ரீபூட், ஹால்ட், பவர்ஆஃப் என்று அடித்தால், உடனே அணைக்காமல் இந்தக் கணினியின் ஹோஸ்ட்நேம், அதாவது அதற்கு வைத்த பெயர், என்ன என்று கேட்கும். என் லேப்டாப் பெயர் பவானி, சர்வர் பெயர் நொய்யல். லேப்டாப் என்று நினைத்து 'பவானி' என்று அடித்தால், கேட்டது நல்லதாய்ப் போயிற்று என்று சொல்லி நிறுத்திவிடும். பெயருக்கும் ஒரு கதை உண்டு. ஐபிஎம் 4341 கணினியின் பெரிய சிவப்பு ஸ்விட்சை ஒரு புரோகிராமரின் சின்ன மகள் மாலி ஒரே நாளில் இரண்டு முறை தட்டிவிட்டாளாம். அதன்பின் ஸ்விட்சுக்குப் போட்ட பிளாஸ்டிக் மூடிக்கு அவள் பெயரே நின்றுவிட்டது.

இரண்டு விஷயம் கவனியுங்கள். அட்மின் உரிமை தரும் 'சுடோ'வைப் போட்டு அடிக்கும்போதும், இணைப்பு போனாலும் வேலையைத் தொடர வைக்கும் 'ஸ்கிரீன்' போன்ற புரோகிராம்களுக்குள் டெர்மினலை வைத்திருக்கும்போதும், நீங்கள் எஸ்எஸ்எச் வழியாக வந்தவர் என்பது அதற்குத் தெரியாமல் போகலாம். அதன் அமைப்புக் கோப்பில் எப்போதும் பெயர் கேட்கும்படி ஒரு வரி உண்டு, அதை இயக்கிவிடுங்கள். அப்புறம், லினக்ஸின் சேவைகளை இயக்கும், நிறுத்தும் 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளை வழியாக நேரடியாக அணைத்தால் அது குறுக்கே வராது. அந்தப் பழக்கம் கைக்கு இருந்தால் விட்டுவிடுங்கள்.

வெறும் 'ஷட்டவுன்' என்று நேரம் குறிப்பிடாமல் அடித்தால் இன்றைய லினக்ஸ்களில் 1 நிமிடம் கழித்துத்தான் அணையும். அதற்குள் 'ஷட்டவுன்' கட்டளையோடு 'மைனஸ் சி' (-c) சேர்த்துக் கொடுத்து ரத்து செய்யலாம். பவர்ஆஃப், ரீபூட் இரண்டும் அந்த அவகாசம் தராது. அந்த ஒரு காரணத்துக்காகவே ஷட்டவுனைத்தான் பயன்படுத்துகிறேன். டெர்மினலில் கட்டளை அடிக்கும் இடத்துக்கு முன்னால் வரும் சர்வரின் பிராம்ப்டைச் சிவப்பாகவும் மாற்றினேன். ஆனால் ஒரு மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடுகிறது, அதை மட்டும் நம்ப வேண்டாம்.

விண்டோஸ் என்றால், பயனர்களுக்கு விதிகள் வைக்கும் குரூப் பாலிசி எடிட்டரில் ஸ்டார்ட் மெனுவிலிருந்து ஷட்டவுனை எடுத்துவிடலாம். அது கட்டளையாக அடிப்பதைத் தடுக்காது. முழுதாகத் தடுக்க, யூசர் ரைட்ஸ் பகுதியில் கணினியை அணைக்கும் உரிமையை அந்தப் பயனரிடமிருந்து எடுங்கள். ஹோம் பதிப்பில் அந்த எடிட்டர் வராது.

அமேசான் கிளவுடில் சர்வர் தவறி நிறுத்தப்படாமல் காக்கும் ஸ்டாப் புரொடெக்‌ஷன் போட்டிருக்கிறேன், போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. உள்ளே நுழைந்து ஷட்டவுன் அடித்தால் அது தடுக்காது. அங்கேயும் மாலி கார்டைப் போடுங்கள்.

எத்தனை தடை வைத்தாலும் ஒருநாள் அணைந்தே தீரும் என்று வைத்துத் திரும்ப எழுப்பும் வழியையும் இப்போதே செய்துவையுங்கள். அணைந்திருந்தாலும் தொலைவிலிருந்து ஆன் செய்ய உதவும் ஐபிஎம்ஐ உள்ள சர்வர் என்றால் கவலையில்லை. சாதாரண பெட்டி என்றால், நெட்வொர்க் வழியாக எழுப்பும் 'வேக் ஆன் லேன்' வசதியை இயக்குங்கள். அதற்கு அதே நெட்வொர்க்கில் இன்னொரு கணினியோ ரவுட்டரோ விழித்திருக்க வேண்டும். பயாஸில் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும்படியும் வைத்துவிடுங்கள். அப்படியிருந்தால் பிளக்கைப் பிடுங்கிச் செருகச் சொன்னாலே போதும்.

அப்புறம், பெட்டியின் முன்பக்கம் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, மார்க்கரில் பெரிதாகப் பெயர் எழுதுங்கள். திருப்பூரில் மறுநாளே போய் 'நொய்யல்' என்று தமிழில் எழுதி ஒட்டிவிட்டு, எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று வாட்ச்மேன் அண்ணனுக்குத் தொட்டுக் காட்டிவிட்டு வந்தேன்.