கரும்பூ மக்னோலியாவை எங்கே நடுவது, எப்படிப் பார்த்துக்கொள்வது?

கருஞ்சிவப்பில் பூக்கும் மக்னோலியாக் கன்று ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். எங்கே நடுவது, எப்போது கவாத்து செய்வது, கறுப்பு என்று சொல்லி விற்ற பூ ஏன் வெளிறி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த செடி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இடம். தண்ணீர், உரம், மண் எல்லாவற்றையும் போகப்போகச் சரிசெய்துகொள்ளலாம், இடத்தை மட்டும் மாற்ற முடியாது. மக்னோலியாவின் வேர் சதைப்பற்றுள்ளது. கயிறு போலத் தடித்து, மண்ணின் மேல்பரப்பை ஒட்டியே பக்கவாட்டில் நெடுந்தூரம் ஓடும். அது ஒடிந்தால் எளிதில் ஆறாது, அழுகலும் அந்த வழியாகவே உள்ளே போகும். அதனால்தான் நன்றாக வேரூன்றிய செடியைப் பெயர்த்து வேறு இடத்தில் வைத்தால் வருடக்கணக்கில் முடங்கிப்போகிறது, சில சமயம் பிழைப்பதே இல்லை. நடுவதற்கு முன் அந்த இடத்தை ஒரு வாரமாவது காலையிலும் மாலையிலும் பாருங்கள்: வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிறதா. தேங்கினால் அங்கே வேண்டவே வேண்டாம்.

வெயில் பாதி நாளாவது வேண்டும். நிழலிலும் உயிரோடு இருக்கும், ஆனால் பூ குறையும். உறைபனி விழும் இடமாக இருந்தால் விடியற்காலை வெயில் நேராகப் படும் கிழக்கு மூலையைத் தவிர்த்துவிடுங்கள், இரவில் உறைந்த மொட்டு சட்டென்று சூடாகும்போதுதான் அதிகம் கருகுகிறது. மண் லேசான அமிலத்தன்மையோடு இருந்தால் நல்லது, கார அமிலநிலை 5.5 முதல் 6.5 வரை இருந்தால் கவலையில்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிய ஆரம்பிக்கும். அது இரும்புச்சத்தை எடுக்க முடியாததன் அடையாளம், உரத்தைக் கூட்டிப் போடுவதால் சரியாகாது.

நடும்போது குழியை ஆழமாக்காமல் அகலமாக்குங்கள். தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில்தான் தரையிலும் இருக்க வேண்டும். தண்டைச் சுற்றி மண்ணை அணைத்துப் புதைக்காதீர்கள். அப்புறம் மக்கிய இலையோ மரப்பட்டைத் துண்டுகளோ ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு மூடாக்காகப் போடுங்கள், தண்டைத் தொடாமல் கொஞ்சம் விலக்கி. இந்த மூடாக்கு மண்ணை ஈரமாக வைத்திருக்கும், களையையும் அடக்கிவிடும். மக்னோலியாவின் அடியில் மண்வெட்டியோ களைக்கொத்தியோ இறங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து, களை முளைத்தால் கையால் பிடுங்குங்கள். அடியில் கிழங்குச் செடிகள் வேண்டுமென்றால் மக்னோலியாவை நடும் அன்றே அவற்றையும் வைத்துவிடுவது நல்லது.

முதல் இரண்டு கோடைகளுக்குத் தண்ணீர் தவறக் கூடாது. தினமும் தெளிப்பதைவிட வாரத்துக்கு ஓரிரு முறை ஆழமாக நனைப்பது மேல்.

சரி, நிறத்துக்கு வருவோம். பெயர்ச்சீட்டில் கறுப்பு என்று போட்டிருந்தாலும் எந்த மக்னோலியாவும் கறுப்பாகப் பூப்பதில்லை, ஆழ்ந்த கருஊதாவோ ஒயின் சிவப்போதான். 1861இல் ஜான் கூல்ட் வீச் ஜப்பானிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த நைக்ரா ரகத்தில் இதழின் வெளிப்புறம் இருண்டிருக்கும், உட்புறம் வெளிறியிருக்கும். 1950களில் அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் அந்த நைக்ராவை நட்சத்திர மக்னோலியாவோடு கலந்து உருவாக்கியதுதான் சூசன். நியூசிலாந்தில் ஜூரி குடும்பத்தார் உருவாக்கிய வல்கனும் பிளாக் துலிப்பும் இன்னும் ஆழமான நிறம். ஆனால் இளஞ்செடியின் முதல் பூக்கள் பெரும்பாலும் வெளிறியும் சிறுத்தும்தான் வரும், செடி வளர வளர நிறம் ஏறும். எனவே முதல் பூவைப் பார்த்துவிட்டுத் தவறான ரகத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள்.

உறைபனி பிந்தி வரும் இடமென்றால் நான் நைக்ராவையோ சூசனையோதான் சொல்வேன். வல்கன் போன்றவை இலை வருவதற்கு முன்பே பூத்துவிடுவதால் ஒரே இரவின் பனியில் மொத்தமும் பழுப்பாகிவிடலாம். நைக்ரா நிதானமாக, வசந்தத்தின் பிற்பகுதியில் இலையோடு சேர்ந்து பூக்கும், கோடையிலும் ஆங்காங்கே சில பூக்கள் தரும். அதன் உயரமும் மூன்று நான்கு மீட்டருக்குள் அடங்கும், சின்னத் தோட்டத்துக்கு அது பெரிய வசதி.

கவாத்து முடிந்தவரை வேண்டாம். அடுத்த வருடப் பூவுக்கான மொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகி, ரோமம் போர்த்த உறைக்குள் குளிர்காலம் முழுக்கக் காத்திருக்கிறது. இலையுதிர்காலத்தில் செடியை அழகுபடுத்துகிறேன் என்று கிளை நுனிகளை வெட்டினால் வெட்டுவது அந்த மொட்டுகளைத்தான். பூக்கவில்லை என்று வருத்தப்படுபவர்களிடம் நான் முதலில் கேட்பது எப்போது வெட்டினீர்கள் என்பதைத்தான். காய்ந்ததையும் ஒன்றோடொன்று உரசும் கிளையையும் எடுக்க வேண்டுமென்றால் பூத்து முடித்து இலை முழுதாக விரிந்த பிறகு, கோடை நடுவில் எடுங்கள். குளிர்காலக் கடைசியில் வெட்டினால் வெட்டுவாயிலிருந்து சாறு வடியும். ஒட்டுச்செடியாக இருந்தால் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரை மட்டும் பார்த்தவுடனே நீக்கிவிடுங்கள், விட்டால் அதுவே மேலோங்கிவிடும்.

பூச்சிகளில் செதில் பூச்சிதான் பெரிய தொல்லை. இலையில் பிசுபிசுப்பும் அதன்மேல் கரிபடிந்த மாதிரிப் பூஞ்சையும் தெரிந்தால் கிளையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். குறைவாக இருக்கும்போதே மென்மையான தூரிகையால் தேய்த்து எடுத்துவிடலாம்.

இன்னொரு செடி வேண்டுமென்றால் விதையை நம்பாதீர்கள், அதில் தாயின் நிறம் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. நைக்ராவில் தாழ்ந்த கிளைகள் நிறைய இருக்கும், அதில் ஒன்றை வளைத்து, அடிப்பட்டையை லேசாகக் கீறி, மண்ணுக்குள் பதித்து மேலே ஒரு கல்லை வைத்துப் பதியம் போடலாம். வேர் பிடிக்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும், அவசரப்பட்டு இழுத்துப் பார்க்காதீர்கள்.