சைபர்பங்க் 2077: டிஎல்எஸ்எஸ் போட்டும் எஃப்பிஎஸ் 55-லேயே நிற்பது ஏன்?

ரைசன் 5 2600 சிபியு (பிராசசர்), ஆர்டிஎக்ஸ் 3060 ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு), 1080பி மானிட்டர். டிஎல்எஸ்எஸ்-ஐ (குறைந்த பிக்சலில் வரைந்து ஏஐ மூலம் பெரிதாக்கும் வசதி) ‘பெர்ஃபார்மன்ஸ்’ மோடில் போட்டும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) ஏறவில்லை, படமும் மங்கல் என்கிறீர்கள். அதை ‘குவாலிட்டி’க்கு மாற்றுங்கள். எஃப்பிஎஸ் பெரும்பாலும் அதே 55-தான் இருக்கும், மங்கல் மட்டும் குறையும்.

1080பி மானிட்டரில் பெர்ஃபார்மன்ஸ் என்றால் கேம் உள்ளே வரைவது வெறும் 960×540. குவாலிட்டியில் 1280×720. மின்கம்பி, வலைவேலி, தூரத்து நியான் எழுத்து எல்லாம் 540-ல் சில பிக்சல்தான். இல்லாத விவரத்தை ஏஐ ஊகித்துத்தான் நிரப்புகிறது. அதனால்தான் வண்டி ஓட்டும்போது கோடுகள் நடுங்குகின்றன. 4கே திரையில் இதே மோடு 1080பி-யிலிருந்து தொடங்குவதால் அங்கே நன்றாகத் தெரியும். யூடியூப் ஒப்பீடுகளை நம்பி ஏமாறுவது இங்கேதான்.

எஃப்பிஎஸ் ஏறாததற்கு உங்கள் ரைசன் 5 2600 காரணமாக இருக்கலாம். டிஎல்எஸ்எஸ் போன்ற அப்ஸ்கேலிங் ஜிபியுவின் சுமையைத்தான் குறைக்கும், சிபியுவின் வேலை அப்படியே இருக்கும்.

சோதித்துப் பாருங்கள்:

1. வி-சிங்க்கும் (எஃப்பிஎஸ்-ஐ மானிட்டரின் வேகத்தோடு கட்டிவைப்பது) எஃப்பிஎஸ் வரம்பும் அணைந்திருக்கிறதா?
2. ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளில் ஜிபியு பயன்பாட்டை ஓவர்லேயாக (கேமின் மேலேயே தெரியும்படி) வைத்து, கூட்டமான சந்தைப் பகுதியில் நடங்கள். 3060 வெறும் 60-70% காட்டினால் தடை சிபியுதான். மொத்த சிபியு 50% என்று காட்டினாலும் ஏமாறாதீர்கள், ஓரிரு கோர் நிரம்பினாலே போதும்.
3. அப்படியென்றால் கூட்ட அடர்த்தியைக் குறையுங்கள், ரே ட்ரேசிங்கை (நிஜம் போன்ற ஒளி, பிரதிபலிப்பு) அணையுங்கள். அதுவும் சிபியுவைத் தின்னும்.

எஃப்எஸ்ஆர் ஃபிரேம் ஜெனரேஷன் (நிஜ ஃபிரேம்களுக்கு இடையே செயற்கை ஃபிரேம்களைச் செருகும் ஏஎம்டி வசதி) போட்டால் எஃப்பிஎஸ் எண் ஏறும். ஆனால் மவுஸ் தாமதம் குறையாது, கொஞ்சம் கூடும். அது இல்லாமலே எஃப்பிஎஸ் 60-ஐத் தொடாதவரை அதைத் தொட வேண்டாம் என்பேன்.