இதயச் செயலிழப்பும் தாறுமாறான துடிப்பும்: மரபணு சிகிச்சை பற்றி நீங்கள் கேட்டவை

அப்பாவுக்கு 61 வயது. மாரடைப்புக்குப் பிறகு பம்பிங் 28 சதவீதம்தான். ஐசிடி கருவி வைக்கச் சொல்கிறார்கள். மரபணு சிகிச்சை வரும்வரை பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டாம். இதயச் செயலிழப்பில் வரும் துடிப்புக் கோளாறுக்கு அங்கீகாரம் பெற்ற மரபணு சிகிச்சை இன்று எந்த நாட்டிலும் இல்லை. இதயத்தின் கீழறை தாறுமாறாகத் துடிக்க ஆரம்பித்தால் காப்பாற்றக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். ஐசிடி என்பது உடலுக்குள் பொருத்தும் சிறு கருவி, அந்த நேரத்தில் தானாகவே மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சரிசெய்யும். 2005இல் வெளியான எஸ்சிடி-ஹெஃப்ட் ஆய்வில் பம்பிங் 35 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருந்த 2,521 பேரைச் சுமார் நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 29 பேர் இறந்தார்கள். அமியோடரோன் என்ற துடிப்பைச் சீராக்கும் மாத்திரை எடுத்தவர்களில் 28. ஐசிடி வைத்தவர்களில் 22. அதாவது ஐசிடியால் நூற்றுக்கு ஏழு பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள், உங்கள் அப்பாவும் அப்படிப் பிழைப்பவராக இருக்கலாம். மாத்திரைகளைச் சரியான அளவில் மூன்று மாதம் எடுத்த பிறகு எடுத்த எக்கோதானா அது என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

துடிப்புக்கும் மரபணுவுக்கும் என்ன சம்பந்தம்?

கால்சியம்தான் சம்பந்தம். ஒவ்வொரு துடிப்பின்போதும் இதயச் செல்லுக்குள் இருக்கும் சேமிப்பிலிருந்து கால்சியம் வெளியே வருகிறது, தசை சுருங்குகிறது. உடனே செர்கா-2ஏ என்ற புரதம் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது, தசை தளர்கிறது. செயலிழந்த இதயத்தில் இந்தப் புரதம் குறைந்துவிடும். சேமிப்பின் வாசலிலும் கசிவு இருக்கும். கசிந்த கால்சியத்தைச் செல் வெளியே தள்ளும்போது பதிலுக்குச் சோடியம் உள்ளே வருகிறது. அந்தச் சிறு மின்னோட்டமே வேளை கெட்ட ஒரு துடிப்பைக் கிளப்பிவிடும். மாரடைப்பின் தழும்பு ஏற்கனவே இருக்கும் இதயத்தில் அந்த ஒரு துடிப்பு ஆபத்தான சுழற்சியாக மாறலாம்.

செர்கா-2ஏ புரதத்தை உண்டாக்கும் மரபணுவை, நோய் உண்டாக்காத ஏஏவி வைரஸில் ஏற்றி இதயத்துக்கு அனுப்பினால் என்ன? சேமிப்பு நிறைந்தால் கசிவும் கூடுமோ என்ற பயம் எங்களில் பலருக்கு இருந்தது. ஆனால் 2011இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு எலிகளில் செய்து பார்த்தபோது கசிவும் குறைந்தது, கீழறைத் துடிப்புக் கோளாறும் குறைந்தது. எனக்குப் பெரிய நம்பிக்கை தந்த முடிவு அது.

மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். அமெரிக்காவில் ரோஜர் ஹஜ்ஜாரின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த க்யூபிட் ஆய்வில், வைரஸை இதய ரத்தக் குழாய் வழியாகச் செலுத்தினார்கள். முதலில் 39 பேர், முடிவு நன்றாக இருந்தது. அடுத்து 250 பேர். 2015இல் வந்த முடிவு ஏமாற்றம்: மரபணு பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. பிறகு இதயத் திசுவைச் சோதித்தபோது மரபணு மிகக் குறைவாகவே போய்ச் சேர்ந்திருந்தது. இதனால் கருத்தே தவறு என்று நான் சொல்லமாட்டேன். மருந்து போய்ச் சேராத சிகிச்சையை வைத்து மருந்தை எடைபோட முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. நம்மில் பலருடைய ரத்தத்தில் ஏஏவிக்கு எதிரான ஆன்டிபாடிகள் (எதிர்ப்புப் புரதங்கள்) முன்பே இருக்கின்றன, அவர்களுக்கு இது பலிக்காது.

பேஸ்மேக்கருக்குப் பதிலாக மரபணு ஊசி?

2014இல் லாஸ் ஏஞ்சல்ஸ் சீடர்ஸ்-சினாய் குழு டிபிஎக்ஸ்-18 மரபணுவைப் பன்றிகளின் இதயத்தில் செலுத்தி, சாதாரணத் தசையையே துடிப்பைத் தொடங்க வைத்தது. பலன் சுமார் இரண்டு வாரம். கருவியில் கிருமி தாக்கி அதை எடுக்க வேண்டியவர்களுக்கு இடைக்கால உதவியாக ஒருநாள் வரலாம்.

ஒரு கிளினிக்கில் பல லட்சம் கேட்கிறார்கள். 'ஜீன் ஊசி, இதயம் பழையபடி ஆகும்' என்கிறார்கள். அம்மாவுக்குப் போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். முறையான ஆய்விலேயே ஆபத்து உண்டு. டேனன் என்ற அரிய பரம்பரை இதய நோய்க்கான ஏஏவி சிகிச்சை ஆய்வில் 2025இல் ஒருவர் இறந்தார், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆய்வையே நிறுத்தி வைத்தது. அப்படிப்பட்ட கண்காணிப்பு எதுவும் இல்லாத இடத்தில் அம்மாவைப் படுக்க வைக்காதீர்கள். இந்தியாவில் மனிதர்களிடம் நடக்கும் எந்த மருந்து ஆய்வும் சிடிஆர்ஐ (CTRI) என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்க வேண்டும், அது இணையத்தில் யாரும் பார்க்கக்கூடியது. பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் தராமல் பணம் மட்டும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அம்மா இப்போது எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலையும் கடைசி எக்கோவையும் எடுத்துக்கொண்டு இதய நிபுணரைப் பாருங்கள்.